கட்ட முடியாத விரிப்பு

“வண்டி! வண்டி!”

குரல் பனகல் பூங்கா முனையில் எழுந்து, வாய்க்கு வாய் தாவி, பாண்டி பஜார் நடைபாதை நெடுக ஓடி வருவதற்குள் தேவானை விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்துவிட்டாள். மற்ற இரண்டையும் பிடிக்கக் குனிந்தாள். அங்கே மூலை இல்லை. பக்கத்துக் கடையின் துணிதான் தொடர்ந்து போயிற்று. ஆத்திரத்தில் இழுத்தாள். விரிப்பு ஒரு சாண் அவள் பக்கம் வந்து, அடுத்தவன் அடுக்கியிருந்த பனியன்களைச் சரித்துவிட்டு நின்றது.

“இன்னா தேவானை, என் சரக்கையும் சேத்து இஸ்துக்கினு போறியா?” என்று கத்தினான் பனியன் விற்கும் வெள்ளைத்துரை. கத்திக்கொண்டே அவனும் மூலை தேடினான். வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மூலையே கிடையாது.

“அடியே கயலு! எங்கடி பூட்ட? வந்து பாருடி நீ பண்ணி வெச்சிருக்க வேலைய!” என்று கூவினாள் தேவானை.

தேவானையின் மகள் கயல் வரிசையின் மறுகோடியில் ஒரு பெண்ணுக்கு வளையல்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். லாரியைப் பார்ப்பதற்கு முன்பே அவள் கண்ணில் பட்டவை அம்மாவின் கைகள். இரண்டு மூலைகளைப் பிடித்தபடி மூன்றாவதைத் துழாவிக்கொண்டிருந்த கைகள். வேறு யார் யோசிக்காமல் விட்டிருந்தாலும் சரி, இதை அவள் யோசித்திருக்க வேண்டும்.

நடை பழகிய கையோடு மூட்டை கட்டவும் பழகியவள் அவள். சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசையில் பிறந்தாள். அம்மாவோடு தினம் பஸ் ஏறி வந்து, இந்த நடைபாதையில் ஹேர்பின்னுக்கும் ஸ்டிக்கர் பொட்டுக்கும் நடுவே வளர்ந்தாள். “வண்டி” என்றால் நடைபாதைச் சரக்கை அள்ளிப்போகும் கார்ப்பரேஷன் லாரி. அந்தச் சத்தம் காதில் விழுந்தால் நான்கு மூலைகளையும் ஒரே பிடியில் சேர்த்து, ஒரு முறுக்கு முறுக்கி, தோளில் போட்டுக்கொண்டு சந்துக்குள் புகுந்துவிட வேண்டும். லாரி போன பிறகு வந்து விரித்தால் மறுபடியும் கடை. நடைபாதையில் பிழைப்பவர்களுக்கு அதுதான் கதவு, பூட்டு எல்லாம்.

அவள் முதலில் வரைந்ததும் அங்கேதான். பக்கத்துக் கடைக்காரர்கள் தினம் ஒரு விரல்கடை நகர்ந்து வருவார்கள். அம்மா ஒரு சாக்பீஸைக் கொடுத்து எல்லையில் கோடு போடச் சொல்வாள். கயல் போட்ட கோடு கோணாது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே அவள் ஓவியக் கல்லூரிவரை போய்ச் சேர்ந்தாள். படிப்பு முடியும் வருடம் மாணவர்கள் கண்காட்சி வைத்தார்கள். அம்மாவைக் கூட்டிப்போனாள். தேவானை அந்த ஹாலின் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, எந்தப் படத்துக்கும் கிட்டே போகாமல் ஒரு சுற்று வந்தாள். “ஃபேன் நல்லா காத்து வருது” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு கயல் எந்த ஹாலிலும் படம் மாட்டவில்லை.

கல்லூரியில் உடன் படித்த நீரஜா, மவுண்ட் ரோடில் சினிமா பேனர் வரையும் லாரன்ஸ், கயல். இந்த மூன்று பேர் தொண்ணூற்றிரண்டில் தொடங்கிய ஓவியக் குழுதான் ‘தெருப்பலகை’. மயிலாப்பூரில் நீரஜா வீட்டு மாடி அறையில் பெயின்ட் டப்பாக்கள் இருந்தன. வேலையெல்லாம் தெருவில் நடந்தது. மீன் சந்தையின் சுவரில் மீன்காரிகளோடு, ரேஷன் கடைக் க்யூவில் நிற்பவர்களோடு, பஸ் டெப்போவின் பின்பக்கம் பெருக்குபவர்களோடு வரைந்தார்கள். தெருவில் செய்ததை ஹாலுக்குத் தூக்கிப் போவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். அடியில் யாரும் பெயர் எழுதுவதில்லை என்பது நீரஜா சொன்னது. “பேர் போட்டா அது போட்டவாளோட சொத்தாயிடும்டி. நம்மளுக்கு அது வேண்டாம்” என்றாள். தெருப்பலகை என்ற பெயர் நடைபாதையில் யார் வாயிலும் நுழையவில்லை. பெயின்ட் கோஷ்டி என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்த விரிப்பு ஆடி மாதத்தில் ஆரம்பித்த வேலை. கடைக்காரர்கள் சரக்குப் பரப்பும் தார்ப்பாய்த் துணியில் அவரவரே வரைய வேண்டும். நிஜமாக ஒரு கடை கிடைத்தால் அதில் முதலில் என்ன இருக்கும்? அதை வரையச் சொன்னார்கள். வெள்ளைத்துரை ஒரு ஷட்டர் வரைந்து அதில் மூன்று பூட்டுகள் தொங்கவிட்டான். பக்கத்தில் கர்ச்சீப் விற்பவர் முதுகு சாய்க்க ஒரு நாற்காலி வரைந்தார். தேவானை சீலிங் ஃபேன் வரைந்தாள். ஃபேனுக்கு நாலு ரெக்கை.

“யம்மோவ், ஃபேனுக்கு மூணு ரெக்கதான்” என்றான் லாரன்ஸ்.

“உங்க வூட்டு ஃபேனுக்கு மூணு. இது என் ஃபேனு. எனக்கு காத்து ஜாஸ்தி வேணும், நீ போவியா.”

காலையில் சரக்கைப் பரப்பினால் படம் மறைந்துவிடும். விற்க விற்க, ஹேர்பின் அட்டைகளுக்கு நடுவே ஒரு ரெக்கை, பிறகு இன்னொன்று என்று வெளியே வரும். சாயங்காலம் படம் முழுதாகத் தெரிந்தால் நல்ல நாள். வாங்க வந்தவர்கள் அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்கவே சரக்கை நகர்த்தினார்கள். நகர்த்தியதில் சிலர் வாங்கவும் செய்தார்கள்.

ஒன்றாகத் தைக்கலாம் என்றது கயல். எல்லைச் சண்டையைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள் அவள். “எல்லாத்தையும் சேத்து தெச்சிட்டா எவன் நகருவான்?” என்றாள். கோஷ்டியில் பிறகு சேர்ந்த தையல்காரி கமர் ஜஹான் வரிசை முழுவதையும் இரட்டைத் தையல் போட்டு இணைத்தாள். சண்டை நின்றுபோனது. விரலளவு நகர வழியில்லாததால் வெள்ளைத்துரையும் தேவானையும் ஒரே டம்ளரில் டீ பகிர்ந்துகொள்ளும் அளவுக்குப் போனார்கள். அது உள்ளாட்சித் தேர்தல் நேரம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களே வந்தார்கள், லாரி வரவில்லை. வராத லாரியை எல்லோரும் மறந்துபோனார்கள். கயலும் மறந்தாள்.

ஓட்டு எண்ணி முடித்தாயிற்று. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கடன் வாங்கி இறக்கிய சரக்கு அத்தனையும் விரிப்பின்மேல் கிடந்தது. லாரி வந்து நின்றது.

வேறு நாளாக இருந்தால் லாரியிலிருந்து இறங்குகிறவர்களுக்கு முதுகுகள்தான் தெரியும். இன்று ஒருவரும் ஓடவில்லை. ஓடினால் சரக்கை விட்டுவிட்டு ஓட வேண்டும். எல்லோரும் அவரவர் இடத்தில் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, லாரியை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார்கள். இறங்கிய ஆட்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவன் ஓரத்தைத் தூக்கினான். மறுகோடிவரை அலை ஓடியது. வளையல்கள் உருண்டன.

“கத்திரி கீதா யார்கிட்டயாவது? வெட்டி வெட்டி ஏத்துங்கடா” என்றான் அவர்களில் மூத்தவன்.

கமர் ஜஹானின் பையில் கத்திரி எப்போதும் இருக்கும். அவள் நகைக்கடைப் படியில் பையை வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“அந்தப் பையில இன்னாமா?”

“எனக்கு முட்டி வலி நைனா. மெத்துனு கீறதுக்கு வெச்சிக்கினு கீறேன்.”

கடைசியில் சரக்கோடு சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினார்கள். சுருட்டியதைத் தூக்க முடியவில்லை. “வந்து கை குடுங்கய்யா” என்று கடைக்காரர்களைப் பார்த்துச் சொன்னார்கள்.

“நீ அள்ளிக்கினு போறதுக்கு நான் கை குடுக்கணுமா?” என்றாள் தேவானை. “துன்ட்டு வரலியா இன்னிக்கு?”

ஒருவரும் கை கொடுக்கவில்லை. இழுத்தும் உருட்டியும் ஏற்றி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ரோடின் இரண்டு பக்கமும் பஸ்கள் நின்று ஹாரன் அடித்தன. லாரி நகர்ந்ததும் வெள்ளைத்துரை கயலிடம் வந்தான்.

“படம் போடறேன் படம் போடறேன்னு பொழப்பு மேலயே போட்டியேமா. முன்னாடின்னா நான் இந்நேரம் சந்துல நின்னு பீடி புடிச்சிக்கினு இருப்பேன்.”

அவன் சொன்னது கயலுக்குச் சரியாகவே பட்டது. “சரக்கு இன்னிக்கே வெளிய வரும்ணா” என்று மட்டும் சொன்னாள். எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

லாரி போய்ச் சேர்ந்த இடம் சைதாப்பேட்டைப் பக்கம் தகரக் கொட்டகை போட்ட ஒரு முற்றம். பறிமுதல் செய்த தள்ளுவண்டிகளும் இஸ்திரிப் பெட்டிகளும் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. பண்டிகை என்று ஞாயிறன்றும் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கடைக்காரர்கள் போய்ச் சேர்ந்தபோது சுருட்டல் பாதி அவிழ்ந்திருந்தது. சரக்கு ஒரு பக்கம் சரிந்து கிடக்க, அவர் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யார் போட்டது இதெல்லாம்? ஃபேனுக்கு நாலு ரெக்கை!”

“காத்து வேணும்னா சொல்லு, போட்டு வுடறேன்” என்றாள் தேவானை.

அதிகாரி சிரித்துவிட்டார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அதற்குள் லாரன்ஸ் போன் செய்து சொல்ல, நீரஜா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அவளுடைய காட்டன் புடவையையும் பேச்சையும் பார்த்த அதிகாரி எழுந்து ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் என்ன ஏது என்று விளக்கினாள். மக்கள், கலை, பங்கேற்பு என்றெல்லாம் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

“அப்ப சொல்ல வேண்டியதுதானேம்மா. படம்னா எங்களுக்கு அதுல வேலை இல்ல. இது ஓவியம், எங்களோடதுன்னு எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க. சரக்கு மட்டும் இருக்கட்டும். பண்டிகை முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா வந்து கேட்டு வாங்கிக்கட்டும்.”

“பண்டிக முடிஞ்சி அத எடுத்துக்கினு போயி நாக்குலயா தடவிக்கறது?” என்றான் வெள்ளைத்துரை.

நீரஜா கயலைத் தனியாகக் கூப்பிட்டாள். “மொதல்ல துணிய வெளில எடுத்துண்டு வந்துடலாம்டி. மழைல எனாமல் உரிஞ்சிண்டு வந்துடும். சரக்குக்கு அப்பறம் பேசலாம்.”

“துணி நம்முது, சரக்கு அவங்களுது. அப்படியா?”

“நான் அப்படிச் சொல்லலையே.”

“அவரு அப்படித்தான் சொல்றாரு. நீயும் சரின்ற.”

நீரஜாவின் முகம் சிவந்தது. கயல் அவளை விட்டுவிட்டு அதிகாரியின் மேஜைக்குப் போனாள்.

“சார், இது ஓவியம் இல்ல. கடைன்னு சொன்னா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கடைன்னா ஆக்கிரமிப்பு. கேஸ் வரும். தனித்தனித் துணியா இருந்தா தனித்தனிக் கேஸ். இது ஒரே துணி, அதனால ஒரே கடை. ஒருத்தர் என்னுதுன்னு ஒத்துக்கணும். அபராதத்தைக் கட்டிட்டு இன்னிக்கே எல்லாத்தையும் கொண்டு போகலாம். ஆனா கோர்ட்டுல நிக்கறது அந்த ஒருத்தர்தான்.”

அபராதம் எல்லோரும் சேர்ந்து கட்டலாம். பெயரைச் சேர்ந்து போட முடியாது. வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எல்லோர் மீதும் பழைய கேஸ் இருந்தது. தேவானைக்குப் போன தடவையே, மறுபடி வந்தால் உள்ளே போக வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“நான் போடறேன்” என்றாள் நீரஜா. “எங்காத்துல சித்தப்பா வக்கீல். எனக்கு ஒண்ணும் ஆகாது.”

“ஒண்ணும் ஆகாதுன்னுதான் வேணாம்ன்றேன்” என்றாள் கயல். “நீ போட்டா இவரு கேஸே எழுத மாட்டாரு. கலைன்னு எழுதி டாட்டா காட்டி அனுப்புவாரு. உன்னப் பாத்து எவன் கடைக்காரின்னு நம்புவான்?”

அதிகாரி மேஜையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

கயல் பேனாவைக் கேட்டாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஓவிய ஆசிரியை. நான்கு வருடம் காத்திருந்து, நிரந்தர வேலைக்கான காகிதங்கள் இந்த மாதம்தான் மேலே போக இருந்தன. காவல் நிலையத்தில் விசாரித்துத்தான் கொடுப்பார்கள். வீட்டில் இது தெரியாதவர் யாரும் இல்லை. தேவானை எழுந்து வந்து மகளின் கையைப் பிடித்தாள்.

“ஓவியம்னே எழுதிக் குடுத்துடுடி. துணியாவது வரட்டும். சரக்கு போனா போவுது. ஒரு தீபாவளி இல்லன்னா செத்தா பூடுவோம்?”

“போன வருசம் நீ எங்கிட்ட இன்னா சொன்ன? சரக்கு போனா உசுரு போன மாதிரின்னு சொல்லல?”

“உன்ன இதுக்கா படிக்க வெச்சேன்? கேஸ்ல நிக்கறதுக்கா?”

“நீ நிக்கலியா? நீ நின்னா பொழப்பு, நான் நின்னா அசிங்கமா? வுடும்மா கைய.”

“வேலை போயிடும்டி.”

“தெரியும்மா.”

தேவானை கையை விட்டாள். இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து மூடினாள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, “இவ எம் பொண்ணு. டீச்சரு. அதையும் சேத்து எழுதிக்கோ” என்றாள். அவள் குரல் முற்றம் முழுவதும் கேட்டது.

அதிகாரி காகிதத்தை நகர்த்தினார். பறிமுதல் செய்த பொருள் என்ன என்ற இடத்தில் கயல் ‘கடை’ என்று எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

“யோசிச்சுக்கம்மா. ஒரு வார்த்தை மாத்திட்டா எல்லாருக்கும் நல்லது. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

“இவங்களுக்கு?”

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தொழில் என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதினாள். அடியில் கையெழுத்துப் போட்டாள்.

“நாலு வருசமா எந்த செவுத்துலயும் பேரு போடல” என்றான் லாரன்ஸ். “இங்க வந்து போட்டுட்டியே மச்சி.”

நீரஜா பையைத் திறந்து அபராதத்துக்குத் தன் பங்கை எடுத்து மற்றவர்களின் பணத்தோடு சேர்த்து வைத்தாள். எல்லோரும் வைத்த அளவுதான் வைத்தாள்.

கொண்டுபோக லாரி தர மாட்டார்களாம். “இட்டாரத்துக்கு மட்டும் லாரி கீது, இட்னு போறதுக்கு இல்லியா?” என்று தேவானை கேட்டுப் பார்த்தாள். பிறகு சரக்கை உள்ளே வைத்துச் சுருட்டி, வரிசையாகத் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். முன்னால் லாரன்ஸும் வெள்ளைத்துரையும், நடுவில் மற்றவர்கள், பின்னால் கயலும் நீரஜாவும். மழை வலுத்தது. சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. ஒரு சைக்கிள்காரன் இறங்கி நின்று, செருப்பிலிருந்து காலை எடுத்துக்கொண்டு கேட்டான்:

“யாருபா போயிட்டது?”

“யாரும் போவல. கடைபா இது, வழி வுடு” என்றான் வெள்ளைத்துரை.

பஜார் போய்ச் சேர்ந்தபோது விளக்குகள் போட்டாயிற்று. கூட்டம் குறையவில்லை. நனைந்த விரிப்பை உதறி, அதே இடத்தில் விரித்தார்கள். தேவானை ஹேர்பின் அட்டைகளை முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். லாரன்ஸ் அவள் பக்கத்தில் குந்தினான்.

“பிரிச்சிடலாமா யம்மோவ்? கமரக்காகிட்ட சொல்லி, திரும்ப தனித்தனியா. மறுபடி வண்டி வந்தா?”

“வரட்டுமே. இன்னிக்கு இத்த தூக்கறதுக்குள்ள அவனுங்களுக்கு நாக்கு தள்ளிச்சி. இன்னொரு தபா தூக்கட்டும், பாக்கலாம்.”

மறுநாள் திங்கட்கிழமை. கயல் வழக்கமான பஸ்ஸில் பள்ளிக்குப் போனாள். முதல் மணிக்கு முன்பே தலைமையாசிரியையின் அறைக்குப் போய், தன் பெயரில் ஒரு கேஸ் இருப்பதாகச் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்டார். நடைபாதையில் கடை வைத்ததற்கு என்றாள். கேஸ் முடியும்வரை அவளுடைய காகிதங்களை மேலே அனுப்ப முடியாது என்றார் அவர். சரி என்றாள். ஆறாம் வகுப்புக்கு ஓவியப் பாடம் இருந்தது. பிள்ளைகளை ஜன்னல் வரையச் சொன்னாள்.

சாயங்காலம் பஜாருக்குப் போனாள். வெள்ளைத்துரை காலையிலேயே பிளேடால் தையலைப் பிரித்துத் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்தடி தள்ளி விரித்திருந்தான். அவனுக்கு இப்போது நான்கு மூலைகள் இருந்தன. கயலைப் பார்த்ததும் குனிந்து பனியன்களை அடுக்க ஆரம்பித்தான். அவன் எடுத்த இடத்தில் தரை தெரிந்தது. அந்த இடத்துக்குள் யாரும் நகரவில்லை. அதன் ஒரு பக்கம் தேவானையின் துணி கிடந்தது, மறுபக்கம் மற்றவர்களின் துணி தைத்தபடியே இருந்தது. கமர் ஜஹான் பிரிந்த ஓரங்களை மடித்து ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். நீரஜா தேவானையின் பக்கத்தில் உட்கார்ந்து ரிப்பன்களை அளந்து வெட்டிக் கொடுத்தாள்.

மழை இல்லை. வியாபாரம் நன்றாக இருந்தது. ஏழு மணிக்கு ஃபேனின் மூன்று ரெக்கைகள் தெரிந்தன. நாலாவதின்மேல் இன்னும் கொஞ்சம் சரக்கு இருந்தது.